புரொப்பெல்லர் ஷாஃப்ட் சென்டர் பேரிங் தேய்ந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ஜின் முன்னால் இருக்க, பின்சக்கரம் ஓட்டும் பழைய கார், ஜீப், வேன், பிக்கப் வண்டிகளுக்கான பக்கம் இது. புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பட்டறைகளில் கப்ளிங் ஷாஃப்ட், ஜாயின்ட் ஷாஃப்ட் என்றெல்லாம் சொல்வார்கள். இங்கே ஷாஃப்ட் என்றால் கியர்பாக்ஸிலிருந்து, பின் ஆக்சிலின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலுக்குப் போகும் அந்த நீளக் குழாய்தான்.

சென்டர் பேரிங் எதற்கு? ஒரே நீள ஷாஃப்ட் போதாதா?

குட்டை வண்டிக்குப் போதும். நீளம் கூடினால் போதாது. வேகமாகச் சுழலும் எந்தக் குழாய்க்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதைத் தொட்டால் நடுப்பகுதி வில்லாக வளைந்து கயிறு சுழற்றுவதுபோல் ஆடத் தொடங்கும். அந்த எல்லை, நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்குகிறது. அதே குழாயைப் பாதி நீளமாக்கினால் எல்லை வேகம் நான்கு மடங்கு உயரும். அதனால்தான் நீளமான வண்டிகளில் ஷாஃப்டை இரண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு ஜாயின்ட் வைத்து, முன்துண்டின் பின்முனையை வண்டியின் அடியில் தொங்கவிடுகிறார்கள். தொங்கவிடும் அந்த அமைப்புதான் சென்டர் பேரிங். உள்ளே ஒரு பால் பேரிங், அதைச் சுற்றி ரப்பர் வளையம், ரப்பரைச் சுற்றி இரும்புக் கூடு. கூட்டை இரண்டு போல்ட்டுகள் சேஸிஸோடு பிடித்திருக்கும்.

எங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடியில் குனிந்து பாருங்கள். ஷாஃப்ட் நடுவில் ஒரு தாங்கியில் தொங்கினால் இருக்கிறது. அம்பாசடர், மாருதி ஆம்னி இரண்டிலும் ஷாஃப்ட் ஒரே துண்டு. சென்டர் பேரிங் கிடையாது, முன்னும் பின்னும் ஜாயின்ட் கிராஸ் (கூட்டல் குறி வடிவ இணைப்பு) மட்டுமே. மாருதி 800 போன்ற முன்சக்கர ஓட்ட வண்டிகளில் இந்த நீள ஷாஃப்டே இல்லை. அவற்றில் திருப்பும்போது கடகடவென்று சத்தம் வந்தால் பார்க்க வேண்டியது முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலின் வெளி ஜாயின்ட்டை.

பேரிங் போய்விட்டது என்பதற்கு என்ன அடையாளம்?

இரண்டு விதமான கோளாறு உண்டு. அடையாளமும் வேறு வேறு.

பேரிங்கே தேய்ந்தால் ஓர் உறுமல் கேட்கும். வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். தொடக்கத்தில் 40 கி.மீ. வேகத்தில் லேசாகத் தொடங்கி, நாளாக ஆகக் குறைந்த வேகத்திலேயே கேட்கும். சத்தம் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தரையிலிருந்து வரும். சீல் ஓரத்தில் செங்காவி நிறத்தில் துரு கலந்த கிரீஸ் சிதறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ரப்பர் கிழிந்தால் உறுமல் இருக்காது. முதல் கியரில் கிளட்சை விடும்போது தரை அதிரும், அல்லது கியர் மாற்றும்போது நடுவில் ‘டொக்’ என்று இடிக்கும். பேரிங் நன்றாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஷாஃப்ட் மேலும் கீழும் துள்ளும்.

உறுமல் வீல் பேரிங்கிலிருந்தா, டிஃபரன்ஷியலிலிருந்தா, இதிலிருந்தா? எப்படிப் பிரிப்பது?

காலியான நேர்ச் சாலையில் சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்துக்குக் கொண்டுபோய், கிளட்சை மிதித்து நியூட்ரலில் விடுங்கள். என்ஜின் வேகம் இறங்கியதும் சத்தமும் இறங்கினால் என்ஜினையோ கிளட்சையோ பாருங்கள். வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள ஏதோ ஒன்று.

அடுத்து, வளைவில் இடது வலது என்று வண்டி சாயும்போது சத்தம் மாறினால் பெரும்பாலும் வீல் பேரிங். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டதும் வேறு சுருதிக்கு மாறினால் டிஃபரன்ஷியல் பல். இரண்டுக்கும் மாறாமல் ஒரே சீராக உறுமினால் சென்டர் பேரிங்.

அதிர்வு என்றால் ஒரு கணக்கு உதவும். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்று வையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 667 சுற்று சுற்றும், நொடிக்கு 11. டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,667 சுற்று, நொடிக்கு 44. சக்கரம் பேலன்ஸ் இல்லாவிட்டால் ஸ்டியரிங்கும் சீட்டும் எண்ணிவிடலாம்போல் குலுங்கும். ஷாஃப்ட் என்றால் எண்ண முடியாது. காலடியில் ஒரு ரீங்காரமாக, கண்ணாடியில் உருவம் மங்குவதாகத் தெரியும். டயரை நாலு முறை பேலன்ஸ் செய்தும் தீராத அதிர்வுக்கு இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததே பெரும்பாலும் காரணம்.

அடியில் புகுந்து பார்க்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

வண்டி சமதளத்தில், முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஆக்சில் குழாயின் அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. என்ஜின் அணைந்திருக்கட்டும், கியர் நியூட்ரலில்.

சென்டர் பேரிங்குக்குப் பக்கத்தில் ஷாஃப்டைப் பிடித்து மேலே தள்ளுங்கள். ரப்பர் கொஞ்சம் இணங்கும், அது இயல்பு. கூட்டின் இரும்பில் போய் இடித்தால் ரப்பர் முடிந்தது. பிறகு டார்ச் அடித்து ரப்பரைச் சுற்றிலும் பாருங்கள். கிழிசல் பெரும்பாலும் மேல்பக்கம்தான் தொடங்கும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு போதும்.

இனி ஒரு கையால் கூட்டைத் தொட்டுக்கொண்டு மறுகையால் ஷாஃப்டை மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் விரலில் தெரிந்தால் பேரிங் போயிற்று. கடைசியாக, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் இருபக்க யோக்கையும் (கிராஸைத் தாங்கும் இரட்டைக் காதுள்ள பாகம்) பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். கிராஸில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது.

என்ஜினை ஓடவிட்டு, சக்கரம் சுழல, அடியில் படுத்துக்கொண்டு ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது சில இடங்களில் வழக்கம். செய்யாதீர்கள். சட்டை நுனி ஒன்று ஷாஃப்டில் சிக்கினால் போதும்.

இப்படியே எத்தனை நாள் ஓட்டலாம்?

லேசான உறுமல் என்றால் பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். ரப்பர் முழுக்கக் கிழிந்திருந்தாலோ, பேரிங் கை வைக்க முடியாதபடி சுட்டாலோ ஓட்டக் கூடாது. பேரிங் இறுகிவிட்டால் அதன் உள்வளையம் ஷாஃப்டின் மேல் சுழன்று, உட்காரும் இடத்தையே அரித்துத் தின்னும். அப்போது பேரிங் செலவு ஷாஃப்ட் செலவாகிறது. இன்னும் மோசம், கூட்டிலிருந்து விடுபட்ட ஷாஃப்ட் சாட்டைபோல் அடிப்பது. அதன் பக்கத்திலேயே பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் ஹேண்ட்பிரேக் கேபிளும் ஓடுகின்றன.

பேரிங் ஏன் தேய்கிறது?

கிலோமீட்டரால் மட்டும் தேய்ந்தது என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். புதிதைப் போட்டு 10,000 கி.மீ.யில் மறுபடி போகிறதென்றால் மூலகாரணம் வேறெங்கோ இருக்கிறது.

தண்ணீர் முதல் எதிரி. சூடான பேரிங் தேங்கிய நீரில் மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் ஓரமாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கிரீஸ் பால்போல் வெளுத்துவிடும். மறுநாள் ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துத்தான் உறுமும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், என்ஜின் ஆயிலையும் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுவதோடு இதையும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது எண்ணெய். கியர்பாக்ஸின் பின் ஆயில் சீல் கசிந்தால் காற்றில் பறக்கும் எண்ணெய் நேராக சென்டர் ரப்பரில் படியும். ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிக் கிழியும். சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடி அதே கதை.

மூன்றாவது, அடுத்திருக்கும் ஜாயின்ட். கிராஸ் ஒரு பக்கம் இறுகியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது சென்டர் பேரிங். உட்கார்ந்துபோன கியர்பாக்ஸ் மவுண்டிங், நசுங்கிய குழாய், விழுந்துபோன பேலன்ஸ் வெயிட் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

நான்காவது நம் ஊர்ப் பழக்கம்: பாரம் தாங்க லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பது. வண்டியின் பின்பக்கம் உயரும், ஷாஃப்டின் கோணம் மாறும். மாறிய கோணத்தின் விலையைப் பேரிங்கும் கிராஸும் கொடுக்கின்றன.

முழு அசெம்பிளி வாங்குவதா, உள்ளே இருக்கும் பேரிங் மட்டுமா?

கூட்டோடு ரப்பரும் சேர்ந்த முழு செட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பேரிங் போன வயதில் ரப்பரும் அரை உயிரில்தான் இருக்கும். இறக்கி ஏற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. முழு செட் கிடைக்காத பழைய வண்டிக்கு, ரப்பர் வெடிப்பில்லாமல் துள்ளலோடு இருந்தால் மட்டும் பேரிங்கைத் தனியாக மாற்றலாம்.

கிழிந்த ரப்பருக்குப் பதில் டயர்த் துண்டை வெட்டித் திணிப்பது, யூரித்தேன் ஊற்றி அடைப்பது எல்லாம் வீடு போய்ச் சேரும்வரை மட்டுமே. ரப்பர் இணங்க வேண்டிய இடத்தில் கட்டியாக நின்றால் அதிர்வு அப்படியே உள்ளே வரும்.

பேரிங் நம்பரை எப்படிப் படிப்பது?

பழைய பேரிங்கின் சீலிலோ வளையத்தின் ஓரத்திலோ நம்பர் இருக்கும். 6206 என்றால், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை: 30 மி.மீ. முன்னால் உள்ள 62 என்பது வெளி அளவின் வரிசை. இங்கேதான் தவறு நடக்கிறது. 6006, 6206 இரண்டுக்கும் உள்துளை 30 மி.மீ.தான். ஆனால் 6006-இன் வெளிவிட்டம் 55, அகலம் 13. 6206-க்கு வெளிவிட்டம் 62, அகலம் 16. அதேபோல் 6007 என்றால் 35, 62, 14. 6207 என்றால் 35, 72, 17. கடையில் ‘முப்பது எம்.எம். பேரிங்’ என்று கேட்டால் எதையும் கொடுத்துவிடலாம். மூன்று அளவையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் இருபுறமும் தகர மூடி மட்டும். வண்டியின் அடியில் தண்ணீரும் தூசியும் படும் இடத்துக்கு 2ஆர்எஸ்தான் வேண்டும். இசட்இசட் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் சரி. சி3 என்பது குண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளி சாதாரணத்தைவிடக் கூடுதல் என்று சொல்கிறது. பழைய பேரிங்கில் சி3 இருந்தால் புதியதிலும் அதுவே இருக்கட்டும்.

விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைந்தால் எச்சரிக்கை. எஸ்.கே.எஃப்., என்.பி.சி. போன்ற பெயர்களில் போலிகள் நிறைய. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குவதே நல்லது.

வேலைக்கு என்னென்ன தேவை?

ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட், முறுக்குவிசை காட்டும் டார்க் ரெஞ்ச், இரண்டு ஸ்டாண்டு, நான்கு கட்டை, பேரிங் புல்லர், பள்ளத்தில் உட்காரும் பூட்டு வளையத்தைக் கழற்றும் சர்க்கிளிப் பிளையர், துரு இளக்கும் ஸ்பிரே, பெயின்ட் மார்க்கர், பிளாஸ்டிக் பை, டேப். ஹைட்ராலிக் பிரஸ் வீட்டில் இருக்காது. அந்த ஒரு வேலைக்கு லேத் பட்டறைக்குப் போய்வருவது மேல்.

ஷாஃப்டை இறக்கும் முறை?

முதலில் குறி. இந்த வேலையில் பாதி வெற்றி அதில்தான். கியர்பாக்ஸ் பக்க பிளேஞ்ச்சும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஷாஃப்டும் சேரும் இடத்தில் ஒன்று, நடுவே முன்துண்டும் பின்துண்டும் சேரும் இடத்தில் ஒன்று, டிஃபரன்ஷியல் பக்கத்தில் ஒன்று. மூன்று இடத்திலும் இரு பாகத்தையும் கடக்கும் ஒரே கோடாகப் போடுங்கள். பெயின்ட் அழியக்கூடும்; பஞ்ச் எனும் கூர்முனை இரும்பால் ஒரு புள்ளியும் தட்டிவிடுங்கள். சென்டர் கூட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தகட்டு வாஷர் இருந்தால், எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவை கோணத்தைச் சரிசெய்யக் கம்பெனியே வைத்தவை. தேவையில்லாதது என்று தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தேடுபவர்கள் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை: ஷாஃப்ட் கழன்ற நிமிடமே கியரில் போட்ட வண்டி கியரில் நிற்காது. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக் என்றால் அது காக்கும். பழைய ஜீப் வகைகளில் ஹேண்ட்பிரேக் டிரம், டிரான்ஸ்மிஷனின் பின்னாலேயே ஷாஃப்டோடு சேர்ந்திருக்கும். அதில் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக்கும் போய்விடும். கட்டைதான் ஒரே துணை.

முதலில் டிஃபரன்ஷியல் பக்க போல்ட்டுகள், பிறகு சென்டர் கூடு, கடைசியில் கியர்பாக்ஸ் பக்கம். பின்துண்டை ஒற்றை ஜாயின்ட்டில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் மேலே கட்டுங்கள். பிளேஞ்ச் கழன்றதும் கிராஸின் கால்களை மூடும் கப்புகள் விழப் பார்க்கும், டேப் சுற்றுங்கள். முன்முனை ஸ்பிளைனோடு (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) கியர்பாக்ஸ் வாலுக்குள் சொருகிய வகை என்றால், உருவியதும் ஆயில் ஊற்றும். பின்பக்கம் உயரத் தூக்கியிருந்தால் அதிகம் கொட்டாது. உருவிய வாயில் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். எவ்வளவு கொட்டியதோ அவ்வளவு திரும்ப ஊற்ற வேண்டும்.

பழைய பேரிங்கைக் கழற்றும்போது என்ன கெடும்?

ஷாஃப்டின் முனை. முன்துண்டின் பின்பக்க யோக்கை நடு நட்டோ சர்க்கிளிப்போ பிடித்திருக்கும். நட்டு என்றால் அதன் விளிம்பு பள்ளத்தில் மடித்து அடிக்கப்பட்டிருக்கும். மடிப்பை நிமிர்த்தாமல் திருகினால் மரை போய்விடும். அந்த நட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். யோக்கையும் ஷாஃப்டையும் சேர்த்துக் குறிபோட்ட பிறகே பிரிக்க வேண்டும்.

யோக்கைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினால் காது வளைந்து, பிறகு கிராஸ் நேராக உட்காராது. புல்லர் போடுங்கள். பேரிங்கின் வெளிவளையம் உடைந்து உள்வளையம் மட்டும் ஷாஃப்டில் ஒட்டிக்கொண்டால், கிரைண்டரால் குறுக்கே முக்கால் ஆழம் வரை அறுத்து, உளியால் ஒரு தட்டு தட்டினால் வெடித்து வரும். முழுக்க அறுக்கப் போனால் ஷாஃப்டில் கீறல் விழும்.

ஷாஃப்ட் முனையில் தேய்மானம் இருந்தால்?

மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். பேரிங் உட்காரும் இடம் பேரிங்கின் துளையைவிட ஒரு மி.மீ.யின் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக, கைக்கு ஏறாமல் பிரஸுக்கு ஏறுவதாக இருக்க வேண்டும். கையாலேயே பேரிங் வழுக்கி ஏறினால் தேய்ந்துவிட்டது.

சில பட்டறைகளில் பஞ்ச் வைத்துச் சுற்றிலும் புள்ளி அடித்து, மேடு எழுப்பி, அதன்மேல் பேரிங்கை ஏற்றுவார்கள். சில மாதம் ஓடும். புள்ளி மேடுகள் நசுங்கியதும் பழையபடி சுழலும். தேய்மானம் மிகச் சிறிதாக, பத்தில் ஒரு பங்கு மி.மீ.க்குள் இருந்தால், அதற்கென்றே உள்ள ரிடெய்னிங் காம்பவுண்ட் பசை போடலாம். இரு பரப்பையும் தின்னரால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் செய்திருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் லேத்தில் மெட்டல் ஸ்பிரே செய்து கடைந்து, பேலன்ஸ் பார்த்து வாங்குங்கள். வெறும் வெல்டிங் வைத்துக் கடைவது கடைசி வழி. வெப்பத்தில் ஷாஃப்ட் வளையும்.

புதிய பேரிங்கை ஏற்றுவது?

ஒரே விதி: ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தின் மேல் மட்டும் அழுத்தம். வெளிவளையத்தில் அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய் ஓடுதளத்தில் பள்ளம் பதிக்கும். புதிய பேரிங் முதல் நாளே உறுமும். உள்வளையத்தின் அளவுக்குப் பொருந்தும் இரும்புக் குழாய் ஒன்றை வைத்துப் பிரஸில் அழுத்துங்கள். முழு அசெம்பிளியானாலும் இதுதான் முறை, ரப்பர்க் கூட்டைத் தள்ளக் கூடாது.

சூடாக்கி ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: சீல் வைத்த பேரிங்கை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டியில் போடவே கூடாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். வெல்டிங் சுடரை நேராகக் காட்டுவது பேரிங்கைக் கொல்வதற்குச் சமம்.

ரப்பரைக் கூட்டில் நுழைக்கச் சோப்புத் தண்ணீர். கிரீஸோ என்ஜின் ஆயிலோ வேண்டாம். தூசி தடுக்கும் தகட்டு வளையங்கள் பேரிங்கின் இருபுறமும் இருந்தனவா, எந்தப் பக்கம் குழிந்திருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்திருந்தால் இப்போது உதவும். கூட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. திருப்பிப் போட்டால் பேரிங் சில மி.மீ. இடம் மாறி ரப்பர் எப்போதும் இழுபட்டே நிற்கும்.

ஃபேஸ் என்கிறார்களே, அது என்ன?

ஜாயின்ட் கிராஸ் கோணத்தில் சுழலும்போது ஒரு வினோதம் நடக்கிறது. இந்தப் பக்கம் சீராகச் சுழன்றாலும் அந்தப் பக்கம் சீராகச் சுழலாது; ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் ஒன்றரை சதவீதம். நிமிடத்துக்கு 2,600 சுற்றில் அது 40 சுற்று. அடுத்த ஜாயின்ட்டைச் சரியான திசையில் வைத்தால் அது இந்தத் தடுமாற்றத்தை எதிர்த்துச் சமன்செய்துவிடும். இந்தப் பொருத்தம்தான் ஃபேஸ். ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளிப் போட்டால்கூடச் சமன் குலையும்.

ஒரே குழாயின் இரு முனையிலும் உள்ள யோக்குகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் இரண்டு துண்டு ஷாஃப்டில் சில கம்பெனிகள் வேண்டுமென்றே வேறு கோணத்தில் வைத்திருக்கின்றன. அதனால் ‘நேராக்கிவிட்டேன்’ என்று சொந்த மூளையைப் போடாமல், கழற்றும்போது போட்ட குறியையே பின்பற்றுங்கள். குறி போடாமல் விட்டிருந்தால், பழைய துரு, அழுக்குத் தடம், ஸ்பிளைனில் அகலமான ஒற்றைப் பல், தட்டிய அம்புக்குறி ஆகியவற்றைத் தேடுங்கள்.

முறுக்கும் வரிசை?

எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, முதலில் இரு முனை பிளேஞ்ச்சுகளை இறுக்குங்கள். சென்டர் கூட்டின் போல்ட்டுகள் தளர்வாகவே இருக்கட்டும். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் இரண்டு மூன்று மீட்டர் உருட்டுங்கள். இப்போது பேரிங் தனக்கான இடத்தில் உட்காரும். ரப்பர் முன்னோ பின்னோ இழுபடாமல் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டை இறுக்குங்கள். உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும் அளவே இறுதி. அது கையில் இல்லையென்றால், 8.8 தர போல்ட்டுக்கு 8 மி.மீ. என்றால் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. என்றால் 45 முதல் 50 என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய பென்ஸுக்கும் இதே முறையா?

டபிள்யூ123, 1995 முதல் புனேயில் சேர்த்துக் கட்டிய டபிள்யூ124 ஆகிய இரண்டு மாடல்களிலும் சில வேறுபாடுகள் உண்டு. முன்னும் பின்னும் கிராஸுக்குப் பதில் தடித்த ரப்பர் வட்டு இருக்கும். நடுவே சறுக்கும் பாகத்தைப் பிடிக்கும் பெரிய நட்டு ஒன்று உண்டு. இறக்குவதற்கு முன் அதைத் தளர்த்தினால்தான் ஷாஃப்ட் நீளம் சுருங்கி வெளியே வரும். ஏற்றியபின், வண்டியைச் சக்கரத்தில் உருட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாக அதை 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். முன்பே இறுக்கினால் சென்டர் ரப்பர் முறுக்கேறி நிற்கும். ரப்பர் வட்டின் போல்ட்டுகளில், ரப்பர் பக்கம் உள்ள தலையை அசையாமல் பிடித்து, பிளேஞ்ச் பக்கம் உள்ளதை மட்டும் திருகுங்கள். வட்டில் வெடிப்பு தெரிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கிராஸையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

ஆட்டம் இருந்தாலோ, நடுநிலையில் ‘கடக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தெரிந்தாலோ கட்டாயம். பள்ளம் என்றால் கப்புக்குள் இருக்கும் ஊசிபோன்ற உருளைகள் கிராஸின் காலில் வரிவரியாகப் பதிந்துவிட்டன என்று பொருள். கிரீஸ் அடித்து அதைத் தீர்க்க முடியாது.

போடும்போது வழக்கமாக நடக்கும் தவறு, கப்பை அழுத்தும்போது ஓர் ஊசி சாய்ந்து கிராஸ் காலுக்கும் கப்பின் அடிக்கும் நடுவே படுத்துவிடுவது. கப் முழுக்க உள்ளே போகாது, சர்க்கிளிப் பள்ளத்தில் உட்காராது. அடித்து ஏற்றாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். ஊசிகளைக் கிரீஸால் ஒட்டி, கிராஸின் காலைக் கப்புக்குள் நுழைத்தபடியே அழுத்தினால் சாயாது. நான்கு சர்க்கிளிப்பும் உட்கார்ந்தபின் யோக்கின் காதில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் இறுக்கம் விடும். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ள வகைக்கு லித்தியம் கிரீஸ், இரண்டாம் நம்பர் தடிப்பு. நான்கு சீலிலும் பழைய கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கால் பட்டினி கிடக்கிறது.

எல்லாம் மாற்றியும் அதிர்கிறதே?

முதலில் எளியது: குறிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா? பிளேஞ்ச் பாதிச் சுற்று மாறியிருக்கலாம். பிறகு தகட்டு வாஷர், கூட்டின் திசை, கியர்பாக்ஸ் மவுண்டிங்.

கிளம்பும்போது மட்டும், 10 முதல் 30 கி.மீ. வேகத்துக்குள் தடதடத்து, பிறகு மறைந்தால் அது பேலன்ஸ் அல்ல, கோணம். என்ஜின் முழு இழுப்பில் இருக்கும்போது கோணத்தில் உள்ள ஜாயின்ட் சென்டர் பேரிங்கைப் பக்கவாட்டில் உதைக்கிறது. கூட்டின் அடியில் 2 அல்லது 3 மி.மீ. தகடு கூட்டியோ குறைத்தோ பாருங்கள். ஸ்பிரிங்கில் சேர்த்த கூடுதல் பட்டைதான் காரணம் என்றால் தகட்டால் முழுதாகத் தீராது.

60 கி.மீ.க்கு மேல் தொடங்கி வேகத்தோடு வளர்ந்தால் பேலன்ஸோ வளைவோ. குழாயைச் சுற்றவிட்டு, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், ஒரு மி.மீ.க்கு மேல் ஆடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, பேலன்சிங் பட்டறைக்கு அனுப்புங்கள். வெயிட் ஒட்டியிருந்த இடத்தில் வெல்டிங் தழும்பு மட்டும் மிச்சம் என்றால் விடை கண்முன் இருக்கிறது. பட்டறை தொலைவில் என்றால் ஹோஸ் கிளிப் முறை: பின்முனையில் ஒரு கிளிப்பை இறுக்கி, திருகுத் தலையை நான்கு திசைக்கும் கால் சுற்று கால் சுற்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எந்தத் திசையில் அதிர்வு மிகக் குறைகிறதோ அங்கே நிறுத்தலாம். போதவில்லை என்றால் இரண்டாவது கிளிப்.

புதியது போட்டபின் பராமரிப்பு?

சீல் வைத்த பேரிங்குக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கிரீஸ் அடிக்க வழியும் இல்லை. ஊசியால் சீலைக் குத்திக் கிரீஸ் ஏற்றுவது, நீர் நுழைய வாசல் திறந்துவைப்பது. வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரை நேராக அதன்மேல் பாய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். 500 கி.மீ. ஓடியபின் எல்லா பிளேஞ்ச் போல்ட்டுகளையும் ஒரு முறை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள். நிப்பிள் உள்ள கிராஸுக்கு 5,000 கி.மீ.க்கு ஒரு முறை கிரீஸ்; இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்றால் அன்றைக்கே.